சங்கிலி ஜெபத்தின் ஒன்பதாம் நாள்

ஜெபம் ஆரம்பித்து இருபத்திரண்டு நிமிடம் ஆகியும் முடிகிற வழியைக் காணோம். பாஸ்டர் வில்பிரட் இப்போதுதான் தேசத்தின் தலைவர்களை முடித்துவிட்டு மழை வெள்ளத்துக்கு வந்திருந்தார். அடுத்தது மிஷனரிகள், அதற்கடுத்தது சபையின் கட்டட வேலை, கடைசியில்தான் கட்டிலில் கிடக்கிற ஆபேல். இந்த வரிசை சுபத்ராவுக்கு மனப்பாடம். வந்திருந்த ஐந்து பேரும் கண்ணை இறுக்கி மூடியிருக்க, அவள் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பத்து மணிக்குப் புருஷனைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். மணி பத்தே முக்கால்.

ஆபேல் டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. பதினோரு மாதத்துக்கு முன்னால் முடிச்சூரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பிளாட்டில், இரண்டாம் மாடி சன்ஷேடிலிருந்து மல்லாக்க விழுந்தார். உயிர் தங்கியது, வாய் தங்கியது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் தங்கவில்லை. தொண்ணூறு கிலோ ஆள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போடாவிட்டால் படுத்த இடத்தில் புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இரவில் மகன் மெர்வின் பார்த்துக்கொள்வான். காலை ஐந்தரைக்கு அவன் ஒரகடம் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வர ஏழாகிவிடும். பகல் முழுவதும் சுபத்ராதான். பதினோரு மாதமும் அவளே புரட்டினாள், அவளே துடைத்தாள், நடுவில் மாவும் அரைத்தாள். அந்தக் காலனியில் பாதி வீட்டு இட்லி அவள் கை மாவுதான்.

பன்னிரண்டு நாளைக்கு முன் கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது வலது தோளில் ஏதோ டக்கென்று விட்டுப்போயிற்று. அன்றிலிருந்து கை காதுக்கு மேல் போகவில்லை. இடது கையாலும் முழங்காலாலும் முட்டுக்கொடுத்து ஆபேலை இழுத்து இழுத்துத் திருப்பினாள். அந்த இழுப்பில் இடுப்புக்குக் கீழே காசு அளவு இருந்த புண் தோல் கிழிந்து உள்ளே இறங்கிவிட்டது. கட்டுப் போட வாரத்துக்கு ஒருமுறை வரும் நர்ஸம்மா வியாழக்கிழமை அதைப் பார்த்துவிட்டு வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இழுக்கக் கூடாதும்மா, தூக்கிப் புரட்டணும். ரெண்டு ஆளு வேணும். எலும்புக்குப் போச்சுன்னா அப்புறம் நான் வந்து பிரயோஜனம் இல்ல." ஆளுக்கு எங்கே போவது? முன்பு வேலைக்கு வைத்த இரண்டு பேரில் ஒருத்தன் மூன்றாம் நாளே நின்றுவிட்டான். இன்னொருத்தனை, என் புருஷனை மூட்டை மாதிரி உருட்டுகிறான் என்று சுபத்ராவே விரட்டிவிட்டாள்.

ஒருவழியாக ஆமென் வந்தது. பாஸ்டர் போர்வையின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆபேல் மெல்ல ஆரம்பித்தார்.

"பாஸ்டர், ஒரு சின்ன ஒதவி. போறதுக்குள்ள ஒரு கை..."

"டீ ஆறிடும், எடுத்துக்குங்க" என்று குறுக்கே விழுந்தாள் சுபத்ரா. குறுக்கே விழுந்ததை ஆபேலும் கவனித்தார், அவளும் கவனித்தாள். வேட்டி விலகிக் கிடக்கிற மனுஷனை இவர்கள் பார்ப்பதா? அதைவிட அவள் கை இன்னொரு தடவை அறுந்து விழட்டும்.

டீயைக் குடித்தபடி பாஸ்டர் சொன்னார்: "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் புண் ஏன் ஆறலன்னு நான் ஜெபத்துல கேட்டேன். நீங்க இன்னும் உங்க சொந்த பலத்துலதான் நிக்கிறீங்க. நான் பாத்துக்கறேன், நான் செஞ்சுக்கறேன்னு ஓடுறீங்க. கர்த்தர் மேல சாயுங்க சிஸ்டர். உங்களை நம்புறதை விட்டுடுங்க."

சபைக் காரியதரிசி பிரதர் முனிரத்தினம் தலையாட்டினார். தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபத்தேழு வயது, எதற்கும் ஒரு சார்ட் போட்டுவிடுவார். "சிஸ்டர், நம்ம ஆபேல் பிரதருக்காக இருபத்தொரு நாள் சங்கிலி ஜெபம் நடந்துட்டிருக்கு, தெரியுமில்ல? காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், ரெண்டு ரெண்டு மணி நேரம், ஆளுக்கு ஒரு டைம். அவங்கவங்க வீட்லயே முழங்கால்ல நிப்பாங்க. இன்னியோட ஒன்பது நாள். ஒரு நிமிஷம் அறுந்து போகல" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

கூட வந்த ஒரு அம்மாள், "வெளியிலேர்ந்து வந்தவங்களுக்கு விசுவாசம் வேர் பிடிக்கக் கொஞ்சம் காலம் ஆகும்" என்று சுபத்ராவின் தோளைத் தட்டினாள், அதுவும் வலது தோளை. சுபத்ரா முடிச்சூரிலேயே பிறந்தவள். இன்றைக்கு பிளாட்டுகள் நிற்கிற இடத்தில் அவள் அப்பா தசரதன் நெல் போட்டிருந்தார். ஆபேலைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இருபத்தெட்டு வருடத்தில் வேப்பமரமே வேர் பிடித்து வீட்டுச் சுவரைப் பிளந்துவிடும்.

ஐந்து குடைகளும் வாசல் தண்ணீரில் இறங்கிப் போயின. சுபத்ரா கதவைச் சாத்திவிட்டுப் புருஷனுக்கு அடியில் நாலாக மடித்துப் போட்டிருந்த பெட்ஷீட்டின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தாள். முழங்காலைக் கட்டிலில் ஊன்றி ஒரே தம்மில் இழுத்தாள். ஆபேல் பாதி திரும்பியபோது தோள் கைவிட்டது. அவர் முகம் தலையணையில் புதைந்தது. மூச்சு முட்டுகிற சத்தம் கேட்டது. அவள் தன் முதுகைக் கொடுத்து, பல்லைக் கடித்து, பழையபடி மல்லாக்கத் தள்ளினாள். அதாவது அந்தப் புண்ணின் மேலேயே தள்ளினாள். தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"செத்துப் போயிருப்பேன்டி" என்றார் ஆபேல்.

"சாவு, எனுக்கும் நிம்மதி."

"பொய் சொல்லாத. பொய் சொன்னா மாவு பொங்காது."

"இந்த மழைல உண்மை சொன்னாலும் பொங்காது." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் எழுந்து நின்றாள்.

"இன்னா பேச்சு பேசிட்டுப் போறாரு பாத்தியா? என்னோட பலத்துல நிக்கிறேனாம். நான் நிக்கலன்னா ஒன்ன யாரு பாத்திருப்பா? இவரா? இவரு வந்து ஒன் பீத்துணிய அலசுவாரா? பதினோரு மாசமா வராங்க, குந்தறாங்க, கண்ண மூட்றாங்க, டீ குடிக்கிறாங்க, போறாங்க. கர்த்தர் மேல சாயணுமாம். நான் சாஞ்சா நீ கட்டில்லேர்ந்து சாஞ்சிடுவ!"

"அவரு சொன்னது தப்புன்னு நான் சொல்லமாட்டேன் சுபா."

"நீ சொல்லமாட்ட. ஒங்க ஜாதி சனம் ஆச்சே."

"கேளுடி. சொன்னது தப்பில்ல. சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போய்ட்டாரே, அதான் தப்பு." ஆபேல் கூரையைப் பார்த்தபடியே பேசினார், அவருக்குப் பார்க்க வேறு இடம் ஏது? "ஆனா நீயும் ஒரு தப்பு பண்ற. நான் வாயத் தொறந்தா நீ டீயத் தூக்கிகினு வர. பதினோரு மாசமா சொல்றேன், யாரயாச்சும் கூப்புடுன்னு. என் மானத்த நீ எதுக்குக் காப்பாத்திகினு கீற? எனுக்கே அது வாணாம். எனுக்கு உயிரு வோணும்."

"எனுக்கு அந்த மானம் வோணுமே!"

"ஒனக்குத்தான் வோணும், தெரிது. ஒருத்தராண்ட போயி கைய நீட்றதுக்கு ஒனக்கு வாய் வராது. எல்லாம் ஒங்கையாலதான் ஆவணும். அப்டி நெனைக்கிறது சாமிக்குப் பக்கத்துல இன்னொரு சேரு போட்டுக் குந்தற மாதிரிடி."

அவளுக்கு அடித்த மாதிரி இருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கரண்டியைத் தூக்கியிருப்பாள். சொன்னது ஒரு விரலைக்கூட அசைக்க முடியாத மனுஷன். செல்போனை எடுத்துச் சபை வாட்ஸப்பைத் திறந்தாள். அவள் அதைப் பார்ப்பதே இல்லை. மேலே தள்ளிக்கொண்டே போனதில் முனிரத்தினம் போட்டிருந்த சார்ட் கிடைத்தது. ஆறு முதல் எட்டு, எட்டு முதல் பத்து, பத்து முதல் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பேர், எல்லாம் பக்கத்துத் தெருக்காரர்கள். ஒரே கட்டம்கூடக் காலியில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருத்தர். அவள் திரும்பத் திரும்ப அதையே பார்த்தாள். நர்ஸம்மா சொன்ன அதே கணக்கு. ஒன்பது நாளாக, அவள் ஒற்றைக் கையோடு போராடிய ஒவ்வொரு தடவையும், நாலு சுவர் தள்ளி ஒருத்தர் சும்மா முழங்காலில் நின்றிருக்கிறார். மைக் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ஆபேல் சம்சாரம் சுபத்ரா பேசறேன். எங்க வூட்டுக்காரருக்கோசரம் ஒம்போது நாளா ஜெபம் பண்றீங்க. இன்னிக்குதான் சார்ட்டப் பாத்தேன். அவர ரெண்டு மணிக்கு ஒருக்கா பெரட்டிப் போடணும். என்னால முடில." இங்கே குரல் நின்றது. பொத்தானை விடாமல் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எங்கை போயி பன்னெண்டு நாளாச்சு. யாராண்டயும் சொல்லல. அது எந்தப்பு. பெரட்டலன்னா புண்ணு எலும்புக்குப் பூடும், ஆளு இருக்கமாட்டாரு. அதனால நீங்க ஒங்க வூட்ல பண்ற ஜெபத்த எங்க வூட்ல வந்து பண்ணுங்க. வந்து துணிய ஒரு பக்கம் புடிங்க, பெரட்டுவோம், அப்பால குந்திகினு எவ்ளோ நேரம் வோணா பண்ணுங்க. டீ கெடையாது. டீ போட்ற கை இல்ல."

அனுப்பினாள். மணி பதினொன்று நாற்பது. ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள், அது தெரிந்தது. ஒருத்தர் கூப்பிய கை படம் போட்டார். இன்னொருத்தர் அழுகிற முகம் போட்டார். முனிரத்தினத்தின் மனைவி 'ஆமென்' என்று எழுதினாள். எதற்கு ஆமென்? வருகிறேன் என்றா, டீ வேண்டாம் என்றா?

பன்னிரண்டு மணி அடித்தது. பன்னிரண்டு முதல் இரண்டு வரை முனிரத்தினத்தின் முறை. பன்னிரண்டேகால் ஆகியும் வாசலில் தவளைச் சத்தம்தான். ஆபேல் எட்டு மணியிலிருந்து அதே புண்ணின் மேல் கிடக்கிறார். சுபத்ரா புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"எங்கடி?"

"கைய நீட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

மூன்றாவது தெருவில் முனிரத்தினத்தின் மாடி வீடு. கதவைத் திறந்த மனைவி வாயில் விரலை வைத்தாள். "ஜெபத்துல இருக்கார்மா. போனை ஆஃப் பண்ணி வச்சிடுவார். ரெண்டு மணி வரைக்கும் யாரையும் பாக்கமாட்டார். நீங்க பேசினதை நான் கேட்டேன், ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." சுபத்ரா அவளைத் தாண்டி ஈரக் காலோடு உள்ளே போனாள். வெளியே போ என்றாலும் போகிற நிலையில் அவள் இல்லை.

உள் அறையில் முனிரத்தினம் பாயில் முழங்காலிட்டுக் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்த்திருந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது. "ஆபேல் பிரதரைத் தொடும் கர்த்தாவே, அந்தச் சகோதரிக்கு உதவி அனுப்பும் கர்த்தாவே" என்று குழந்தை கெஞ்சுவதைப் போலக் கெஞ்சிக்கொண்டிருந்தார். சுபத்ரா ஒரு நிமிடம் திகைத்து நின்றாள். பொய்யாக அழுதிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பாள். நிஜமாக அழுகிறவரை என்ன செய்வது? ஆனால் கோபம் தணியவில்லை, இரண்டு மடங்காகியது. இவ்வளவு அழுகிறவருக்கு எழுந்து வரத் தோன்றவில்லையே!

"சார், எந்திரிங்க."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "சிஸ்டர், ஜெபத்துல இருக்கேன்."

"தெரிது. அவருக்கோசரம்தான பண்றீங்க, அவராண்ட வந்து பண்ணுங்க. பெரட்டிப் போட ஆளில்ல."

"ஐயோ. ரெண்டு மணிக்கு முடிச்சிட்டு உடனே வந்துடறேன் சிஸ்டர். நடுவுல எழுந்தா சங்கிலி அறுந்துடும். ஒன்பது நாளா கட்டிக் காப்பாத்திட்டு வர்றோம்."

"ரெண்டு மணிக்கு வந்து இன்னா பண்றது? அறுங்கன்னு நான் சொல்லல. பண்ணிகினே வாங்க. வாயிதான பேசுது, காலு சும்மாதான கீது? உதவி அனுப்புன்னு கேட்டுகினு கீறீங்க. அனுப்பறதுக்கு ஆண்டவரு கையில வேற யாரு கீறாங்க சார் இந்தத் தெருவுல?"

முனிரத்தினம் யோசித்தார். முழங்காலில்தான் நிற்க வேண்டும் என்று சார்ட்டில் அவர் எங்கேயும் எழுதவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பேன்ட்டை முட்டி வரை சுருட்டி, குடையை விரித்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. தண்ணீரில் அவள் முன்னே போக, "வழிநடத்தும் கர்த்தாவே, பள்ளம் மேடு காட்டும் கர்த்தாவே" என்று அவர் பின்னாலேயே வந்தார். எதிரே வந்த பால்காரர் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், ஜெபத்தை விடவில்லை. வேறொரு நாளாக இருந்திருந்தால் சுபத்ரா சிரித்திருப்பாள்.

வீட்டுக்குள் வந்ததும் அவரைக் கட்டிலின் அந்தப் பக்கம் நிறுத்தினாள். "ஓரத்த ஒடம்பு வரைக்கும் சுருட்டிப் புடிங்க. இழுக்கக் கூடாது, தூக்கணும். மூணு சொல்வேன்." அவர் ஜெபித்தபடியே சுருட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆபேல் எழும்பி, சுவர்ப் பக்கமாகத் திரும்பினார். இழுப்பு இல்லை, உரசல் இல்லை. முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, சுபத்ரா நனைந்துபோன கட்டுத் துணியை மாற்றுவதற்காக வேட்டியை விலக்கினாள்.

நாற்றம் முதலில் வந்தது. பிறகு முனிரத்தினம் பார்த்தார். ஒரு கை அடங்குகிற பள்ளம். ஓரமெல்லாம் கறுத்து, உள்ளே மஞ்சளாக ஏதோ இருந்தது. அவர் உதடு நின்றுவிட்டது. ஒன்பது நாளில் முதல் தடவையாகச் சங்கிலி அறுந்தது, அதை அவர் கவனிக்கவே இல்லை.

சுவரைப் பார்த்துக் கிடந்த ஆபேல் கேட்டார்: "இன்னா பிரதர், சத்தத்தையே காணோம்?"

"நான்... கொப்புளம் மாதிரி ஏதோன்னு நினைச்சுட்டேன் பிரதர். புண்ணு புண்ணுன்னு சொல்லித்தான் ஜெபம் பண்ணேன். இப்படின்னு தெரியாது." சுபத்ரா உப்புத் தண்ணீரால் கழுவிப் புதுக் கட்டுப் போட்டு முடிக்கும் வரை ஆபேலின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை குமட்டினார், காலை விடவில்லை.

ஒரு மணிக்கு பாஸ்டர் வில்பிரட்டிடமிருந்து போன் வந்தது. ஒற்றைக் கையால் மாவுக் குண்டானைத் தள்ளிக்கொண்டிருந்த சுபத்ரா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சிஸ்டர், நீங்க குரூப்ல போட்டதைக் கேட்டேன். வேதனை புரியுது. ஆனா ஜெபத்தை ஆஸ்பத்திரி டியூட்டி மாதிரி மாத்திடக் கூடாது. ஜனங்க குழம்பிப் போறாங்க. காலைலதான் சொன்னேன். கர்த்தரை நம்பச் சொன்னா நீங்க மனுஷங்களைத் தேடி ஓடுறீங்களே?"

"பாஸ்டர், காலைல நீங்க இன்னா சொன்னீங்க? என்னைய நம்பறத விட்டுடச் சொன்னீங்க. விட்டுட்டேன். என்னால முடியாதுன்னு ஊருக்கே சொன்னேன். அத சொல்றதுக்கு எனுக்கு எவ்ளோ வலிச்சிதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? இந்தத் தோளு வலிக்கறது அதுல கால்வாசி இல்ல. நீங்க சொன்னதத்தான் பண்ணேன். பண்ணா இப்ப அதுவும் தப்புன்றீங்க. அப்ப கர்த்தர் மேல சாயறதுன்னா இன்னாதான் பாஸ்டர், இங்கயே கெடந்து நாறட்டும்னு வுட்றதா?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. முனிரத்தினம் ஆபேலின் காலடியிலிருந்து எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார்.

"பாஸ்டர், முனிரத்தினம் பேசறேன். நீங்க அந்தப் புண்ணைப் பாத்திருக்கீங்களா?"

"ஜெபிச்சிட்டுத்தானே பிரதர் இருக்கோம்..."

"பாத்திருக்கீங்களா?"

முனிரத்தினம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் இன்னிக்குத்தான் பாத்தேன். பதினோரு மாசமா போர்வைக்கு மேல கையை வச்சிட்டுத்தான் ஜெபம் பண்ணியிருக்கோம். ஒருத்தர்கூட அதைத் தூக்கிப் பாக்கல. எனக்கு வெக்கமா இருக்கு பாஸ்டர்." அவர் குரல் உயரவே இல்லை, தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் பேசுகிற மாதிரியே பேசினார். "நாலுலேர்ந்து ஆறு என் வீட்டம்மா பேர் இருக்கு. அவங்களால தூக்க முடியாது. அடிச்சிட்டு உங்க பேரை எழுதறேன். நாலு மணிக்கு வாங்க. வெள்ளைச் சட்டை வேண்டாம்."

"பாக்கறேன் பிரதர்" என்றது போன்.

இரண்டு முதல் நாலு வரை அரிகிருஷ்ணன் முறை. தாம்பரம் ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர், சபைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஆட்டோவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தண்ணீரில் நடந்து வந்தார். "சவாரில இருந்தேன்கா, இப்பதான் கேட்டேன். எங்க புடிக்கணும்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

இரண்டு மணி ஆனதும் பழக்கத்தில் சுபத்ரா எழுந்து கட்டிலண்டை வந்தாள். முனிரத்தினம் ஒரு பக்கம், அரிகிருஷ்ணன் ஒரு பக்கம் துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தார்கள். அவளுக்கு இடமில்லை.

"நீ குந்துடி" என்றார் ஆபேல்.

உட்கார்ந்தாள். மூன்று என்று சொன்னது வேறு குரல். அவள் புருஷன் அவள் கை படாமல் எழும்பி, இந்தப் பக்கம் திரும்பி, பத்திரமாக இறங்கினார். திரும்பிய முகம் நேராக அவளைப் பார்த்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு அழ முடியவில்லை, சத்தமாகவே அழுதாள்.

அழுதுகொண்டே பேச ஆரம்பித்தாள். கடவுளிடம்தான் பேசுகிறாள் என்று மற்றவர்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவரை 'நீர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று சபையில் எத்தனையோ தடவை அவளைத் திருத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு முனிரத்தினம்கூடத் திருத்தவில்லை.

"ஆண்டவரே, எனுக்குத் திமிருதான், ஒத்துக்கறேன். கேக்கறதுக்குப் பதினோரு மாசம் ஆச்சு எனுக்கு. ஆனா ஒன் ஆளுங்களுக்கும் பதினோரு மாசம் ஆச்சே, அதுக்கு நீ இன்னா சொல்ற? என் தோளு போனப்பறமா நீ ஆளு அனுப்புவ? இனிமே நான் பாத்துக்கறேன்னு சொல்லமாட்டேன், நீ பாத்துக்க. மொதல்ல நாலு மணிக்கு அந்த பாஸ்டர அனுப்பு. அனுப்பலன்னா அவுரு வூட்டுக்கும் நானே போயி இட்டுகினு வருவேன், சொல்லிட்டேன்."